நெற்றித் தோலில் ஒரு மூக்கு மடல்

மூக்கில் கேன்சர், நெற்றித் தோலை இறக்கி மூக்கு வைக்கணுமாம் என்று பயந்துபோய்க் கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

கடலூர் முதுநகரில் பிளவுஸ் தைக்கிறேன். வலது மூக்கு மடலில், மூக்குத்திக்கு மேலே, மிளகு அளவில் கறுப்பாக ஒன்று வந்தது. மச்சம் என்றார்கள். நடுவில் குழிந்து, பொருக்கு உதிர்ந்து, மறுபடி கசிந்தது. மச்சம் கசியாது. பாண்டிக்குப் பஸ் ஏறி, கோரிமேடு ஜிப்மரில் காட்டினேன். துளி சதை எடுத்துச் சோதிக்கிற பயாப்ஸியில், பேசல் செல் கார்சினோமா என்ற ஒரு வகைத் தோல் கேன்சர் என்று வந்தது. நம் நிறத் தோலில் இது பல சமயம் கறுப்பாகவே வருமாம். வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் விட்டால் இருந்த இடத்தை அரித்துக்கொண்டே போகும்.

வெட்டி எடுத்தார்கள். மடலின் விளிம்பும் போனது. உடனே மூக்கு வைத்துவிடவில்லை. எடுத்த சதையின் ஓரங்களில் கேன்சர் மிச்சம் இல்லை என்று ரிப்போர்ட் வரும்வரை கட்டுப் போட்டுக் காத்திருந்தேன். "கீழ ஏதாவது இருந்து மேல மூடிட்டா அப்புறம் கண்டுபிடிக்கவே கஷ்டம்மா" என்றார் டாக்டர். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினால் ஒரே தடவையில் முடியாதா என்று கேட்டேன். விளிம்பு போன மடலில் அப்படி ஒட்டினால் சுருங்கி மேலே இழுத்துக்கொள்ளும், மூச்சும் அடைக்கும் என்றார். அதனால் நெற்றித் தோல். உள்ளே விறைப்பாக நிற்கக் காதுக் குருத்தெலும்பில் ஒரு துண்டு.

அளவு எடுத்த விதம்தான் என்னைத் தைரியப்படுத்தியது. நல்லாயிருக்கிற இடது மடலின் மேல், தையல் நூல் வரும் ஃபாயில் உறையை வைத்து வடிவம் வெட்டி, அதைத் திருப்பிப் போட்டு நெற்றியில் வரைவார்களாம். பேப்பர் கட்டிங்! அது என் தொழில். "தையலுக்குத் துணி விட மாட்டீங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "சரியான அளவுதான், கூடினாலும் தப்பு" என்றார்.

இது புது வைத்தியமும் இல்லை. இங்கிலீஷ் பட்டாளத்துக்கு மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவருக்குத் திப்பு சுல்தானின் ஆட்கள் மூக்கை அறுத்துவிட, நம் நாட்டு வைத்தியர் நெற்றித் தோலில் மூக்கு வைத்ததை 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்று படத்தோடு போட்டது. அதன் பிறகுதான், 1814இல், கார்ப்யூ என்ற டாக்டர் அங்கே இதைச் செய்தார். மயக்க மருந்து இல்லாத காலம். எனக்கு அதுவாவது இருந்ததே.

யாரும் சரியாகச் சொல்லாதது நடுவில் வருகிற மூன்று வாரம். தோலை முழுசாக வெட்டி எடுப்பதில்லை. புருவத்தின் உள்முனையில் ஓடும் ரத்தக்குழாயோடு ஒரு பட்டையாகத் திருப்பி மூக்கில் தைக்கிறார்கள். மூக்குப் பக்கத்திலிருந்து புது ரத்த ஓட்டம் வரும்வரை அந்தப் பட்டை கண்ணுக்கு நடுவே தொங்கும். முதல் ஓரிரு நாள் அதன் உள்பக்கம் ரத்தம் கசிந்தது. வாஸ்லின் துணி சுற்றினார்கள். நர்ஸ் ராத்திரியெல்லாம் டார்ச் அடித்து நிறம் பார்ப்பார். நீலம் பாரித்தாலும் வெளுத்தாலும் ஆபத்து. பக்கத்துக் கட்டில் அண்ணனை இதே ஆபரேஷனுக்கு முன்பே பீடியை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். புகையிலை ரத்தக்குழாயைச் சுருக்கி, வைத்த தோலைச் சாகடித்துவிடுமாம். மெல்லுகிற புகையிலைக்கும் இதேதான், பெண்களே.

நெற்றியில் மேல் பக்கம் தையல் போட எட்டாமல் திறந்தபடியே விட்டிருந்தார்கள். என்ன அரைகுறை வேலை என்று கோபம்தான் வந்தது. களிம்புத் துணி மட்டும் வைத்தே அது தானாக மூடிக்கொண்டது.

பட்டை குறுக்கே நிற்பதால் கண்ணாடி போட முடியாது. ஊசியில் நூல் கோக்க முடியாத தையல்காரி என்ன செய்வாள்? மகள் கோத்துக் கொடுக்க, ஹூக் மட்டும் தைத்தேன். சாப்பிடும்போது மூக்கில் ஈ உட்கார்ந்தால் நெற்றியில்தான் அரித்தது! தோல் இடம் மாறினாலும் நரம்பு பழைய விலாசத்திலேயே இருக்கிறதாம். பட்டையை வெட்டிய பிறகு அந்த வேடிக்கையும் போய், இடம் மரத்துவிட்டது.

வெளியே போவதை நான் நிறுத்தவில்லை. பஸ்ஸில் முந்தானையைத் தளர்வாகப் போட்டுக்கொள்வேன், பார்க்கிறவர் பார்க்கட்டும். "மூக்கறுந்த கதை" என்று ஒரு சொந்தக்காரி சொன்னாள். அவள் பிளவுஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பட்டையை வெட்டுகிற ஆபரேஷன் சின்னது. புருவத்தை இறக்கிச் சரிசெய்தார்கள். ஒப்புக்கொள்ளும் முன் உங்கள் டாக்டரிடம் பட்டை தொங்கும் கட்டத்தின் போட்டோவைக் கேளுங்கள். முடிந்த பிறகு எடுத்த அழகான போட்டோவை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். மூக்குத்தியை இடது பக்கம் மாற்றிக் குத்திக்கொண்டேன். புது மடல் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது; உள்ளே கொழுப்பைக் குறைக்க இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள். தீபாவளி ஆர்டர் முடியட்டும், போகிறேன்.