ஈய மோதலில் துகள்களை எண்ணுவது: 4க்கும் 76க்கும் நடுவே

2010 நவம்பரில் ஐரோப்பியத் துகள் ஆய்வகமான செர்னின் எல்.ஹெச்.சி. முடுக்கி வளையத்தில் ஈய அணுக்கருக்கள் மோதத் தொடங்கின. நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) இணைக்கு 2.76 டெரா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல். கிட்டத்தட்ட நேருக்கு நேராக நிகழ்ந்த முதல் 5 சதவீத மோதல்களில், கற்றைக்குச் செங்குத்தான நடுப்பகுதியில், ஓரலகு சூடோரேப்பிடிட்டிக்கு (கற்றையோடு துகள் செய்யும் கோணத்திலிருந்து கணக்கிடும் அளவு) சராசரியாக 1584 மின்னூட்டத் துகள்கள் என்று அந்த வளையத்தில் இத்தகைய மோதல்களை ஆராயும் ஆலிஸ் ஆய்வுக் குழு அறிவித்தது. கூடவே இரண்டு பிழைகள்: புள்ளியியல் பிழை ±4, முறைசார் பிழை ±76. இன்னும் பல லட்சம் மோதல்களைச் சேர்த்தால் 4 சுருங்கும். 76 அசையாது. அது எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டால்தான் இந்த அளவீடு பிடிபடும்.

முதலில், எதை எண்ணுகிறோம்? மோதலில் நேரடியாகப் பிறந்தவை, கணத்தில் சிதைகிற ரெசோனன்ஸ் துகள்களிலிருந்து வந்தவை, இவை முதன்மைத் துகள்கள். லாம்டா, கே-ஷார்ட் போன்ற விசித்திரத் துகள்கள் (ஸ்ட்ரேஞ்ச் குவார்க் கொண்டவை) பலவீன விசையால் சிதைந்து தருபவை கணக்கில் சேராது. இரண்டு ஆய்வுகளின் எண்களை ஒப்பிடும் முன் இந்த வரையறை ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள்.

எண்ணுவதற்கு அன்று பயன்பட்டது டிராக்லெட் முறை. கற்றையிலிருந்து 3.9 செ.மீ., 7.6 செ.மீ. ஆரங்களில் இரண்டு சிலிக்கான் பிக்சல் அடுக்குகள். ஒவ்வொரு பிக்சலும் 50 × 425 மைக்ரான். மோதல் புள்ளியோடு ஒரே கோட்டில் விழும் இரண்டு ஹிட்களை (அடுக்கில் துகள் பட்ட பதிவுகள்) அடுக்குக்கு ஒன்றாகச் சேர்த்தால் ஒரு டிராக்லெட். எவ்வளவு விலகலைப் பொறுத்துக்கொள்வது என்பதில்தான் சூட்சுமம். 0.5 டெஸ்லா புலத்தில், 50 மெகா எலக்ட்ரான்வோல்ட் குறுக்கு உந்தம் (கற்றைக்குச் செங்குத்தான உந்தம்) கொண்ட துகள் 33 செ.மீ. ஆரத்தில் வளையும், இரண்டு அடுக்குகளுக்கு நடுவே அதன் அசிமுத் கோணம் (கற்றையைச் சுற்றி அளக்கும் கோணம்) ஏறத்தாழ 56 மில்லிரேடியன் மாறிவிடும். பொறுத்துக்கொள்ளும் விலகலின் ஜன்னலை அதைவிடக் குறுக்கினால் மெதுவான துகள்கள் தொலையும். அகட்டினால் சம்பந்தமில்லாத ஹிட்கள் ஜோடி சேரும்.

இந்தப் போலி ஜோடிகள் ஹிட்களின் வர்க்கத்தோடு பெருகுவதால், கருக்கள் விளிம்பில் மட்டும் உரசும் ஓர மோதலில் கண்ணுக்கே தெரியாதவை மைய மோதலில் பத்து சதவீதத்தைத் தாண்டும். அவற்றை அளக்க ஒரு அழகான வழி இருக்கிறது. உள் அடுக்கின் ஹிட்களை எல்லாம் 180 பாகை சுழற்றிவிட்டு மறுபடி ஜோடி சேருங்கள். இப்போது கிடைப்பது அத்தனையும் போலி. விலகல் மிகப் பெரிதான வால்பகுதியில் அதை உண்மைத் தரவோடு பொருத்தி அளவைச் சரிசெய்து, பிறகு கழியுங்கள். சிமுலேஷனை நம்பிக் கழிப்பதைவிட இது நம்பகமானது. மோதலைக் கணினியில் உருவாக்கும் நிரல்கள் சராசரி எண்ணிக்கையையே சரியாகச் சொல்வதில்லை.

பையான், கேயான், புரோட்டான் என்று பிரித்து எண்ணும்போது புரோட்டான்தான் அதிகம் படுத்தும். பையான் ஒன்று பெரிலியம் கற்றைக்குழாயில் இடித்தாலே புரோட்டான் தெறிக்கும். லாம்டா சராசரியாகச் சில சென்டிமீட்டர் போய்ச் சிதைந்தாலும் புரோட்டான் வரும். பிரித்துக் காட்டுவது, டிராக்கைப் பின்னோக்கி நீட்டினால் மோதல் புள்ளியை எவ்வளவு தூரத்தில் கடக்கிறது என்ற அளவு. அதை வரைபடமாகப் போட்டால் முதன்மைப் புரோட்டான்கள் சுழியில் கூர்மையான சிகரம். லாம்டாவிலிருந்து வந்தவை அகன்ற மேடு. குழாயிலிருந்து தெறித்தவை கிட்டத்தட்டத் தட்டையான தளம். மூன்று வடிவங்களையும் சிமுலேஷனிலிருந்து எடுத்து, விகிதங்களை மட்டும் தரவோடு பொருத்த வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, அந்தத் தூரத்துக்கு முதலிலேயே ஒரு வெட்டை (உச்ச வரம்பை) போட்டுவிட்டுப் பொருத்துவது. வால்பகுதி போய்விட்டால் பின் இரண்டு வடிவங்களைப் பிரிக்க எதுவுமே மிஞ்சாது. அகலமாக வைத்துப் பொருத்துங்கள், பிறகு வெட்டுங்கள். எதிர்ப்புரோட்டானிலும் இதையே செய்துபாருங்கள்: குழாயிலிருந்து எதிர்ப்புரோட்டான் தெறிக்காது என்பதால் எதிர்லாம்டா சிதைவின் பங்கு தெளிவாகத் தெரியும். ஆனால் அது பொருளில் பட்டு அழியும். அந்த அழிவை ஜியான்ட்-3 என்ற சிமுலேஷன் நிரல் குறைந்த உந்தத்தில் மிகையாகக் கணக்கிடும் என்பது தெரிந்த குறை. திருத்தம் போடாவிட்டால் எதிர்ப்புரோட்டான் எண்ணிக்கை செயற்கையாக ஏறும்.

துகள் கருவியை எட்ட எடுக்கும் பறப்பு நேரத்தால் வகை பிரிப்பதற்கும் எல்லை உண்டு. 3.7 மீட்டர் தூரத்தில், 1 கிகா எலக்ட்ரான்வோல்ட் உந்தத்தில், கேயான் பையானைவிட 1.3 நானோநொடி பிந்தி வரும். 3 கிகாவில் அந்த வித்தியாசம் 150 பிகோநொடிதான். கருவியின் துல்லியம் 80 பிகோநொடி என்றால் இரண்டு சிகரங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு டிராக்குக்கும் பெயர் வைக்க முயலாமல், மொத்தப் பரவலைப் பொருத்தி விகிதம் எடுப்பதே முறை.

இனி மையத்தன்மை, அதாவது மோதல் எவ்வளவு நேருக்கு நேரானது என்பது. எண்ணிக்கையில் அவ்வளவு கவனம் காட்டிவிட்டு இதில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. மோதல்களை வரிசைப்படுத்த கற்றைத் திசைக்கு அருகே முன்பகுதியில் உள்ள சிந்தில்லேட்டர்களின் (துகள் பட்டால் ஒளிரும் கருவிகளின்) சமிக்ஞை உதவும். ஆனால் '5 சதவீதம்' என்றால் எதில் 5? நூறு சதவீதம் எது என்று நேரடியாகத் தெரியாது. மிக மெலிந்த மோதல்களில், ஒன்றையொன்று தொடாமல் கடக்கும் கருக்களின் மின்காந்த வினைகள் கலந்துவிடும். எந்த மோதலைப் பதிவுசெய்வது என்று தேர்ந்தெடுக்கும் ட்ரிகரும் சிலவற்றைத் தவறவிடும். அதனால் கருக்களின் மோதலை நியூக்ளியான் நியூக்ளியானாகக் கணக்கிடும் கிளாபர் மாதிரியில் நியூக்ளியான்களைச் சிதறவிட்டு, சமிக்ஞை வடிவத்தைப் பொருத்தி, 90 சதவீதப் புள்ளி இதுதான் என்று ஆணி அடிக்கிறார்கள். அதற்குக் கீழே தொடுவதில்லை.

அந்த ஆணி 1 சதவீதம் தவறினால் என்ன ஆகும்? அதே ஆற்றலில் ஆலிஸ் பிறகு தந்த அட்டவணையில் மையத்தன்மை வரிசையில் 60–70 சதவீதப் பட்டைக்கு 76 துகள், 70–80 பட்டைக்கு 35. பத்து சதவீதத்துக்குள் பாதிக்கும் கீழே விழும் சரிவு இது. 70–80 பட்டையின் எல்லைகள் முக்கால் சதவீதம் நகர்ந்தாலே எண்ணிக்கை 5, 6 சதவீதம் மாறும். 0–5 பட்டையிலோ எல்லை 0.05 சதவீதம்தான் நகரும்; யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

இன்னொன்று: துகள்களை எண்ணும் அதே பகுதியை வைத்தே மோதல்களை வரிசைப்படுத்தாதீர்கள். தற்செயலாக அதிகம் பொழிந்த மோதல் தானாகவே மேல் பட்டைக்கு ஏறிவிடும், அதன் எண்ணிக்கையும் அங்கேயே கூடும். நடுவில் எண்ணினால் முன்பகுதியில் வரிசைப்படுத்துங்கள். பிறகு 100 மீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஜீரோ டிகிரி கலோரிமீட்டரில் விழும், மோதலில் பங்கேற்காமல் நேரே செல்லும் நியூட்ரான்களோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.