இன்டர்வியூ ஈஸி, அதுக்கு முன்னாடி இருக்கற டேபிள் தான் ஆபத்து

போன வாரம் சுங்குவார்சத்திரம் பக்கத்துல ஒரு கம்பெனிக்கு குவாலிட்டி வேலைக்கு இன்டர்வியூ போயிட்டு வந்தேன். டிப்ளமோ மெக்கானிக்கல், ஊரு ஆற்காடு. செல்ஃப் இன்ட்ரோ, 5எஸ் (வேலை எடத்தை ஒழுங்கா வச்சுக்கற முறை), 7 க்யூசி டூல்ஸ் (தரத்தை செக் பண்ற ஏழு வழி) எல்லாம் யூடியூப் பாத்து உருப்போட்டுனு போவீங்க, அது ஓகே, ஆனா மாட்டறது வேற எடத்துல.

கேட்லயே செக்யூரிட்டி போனை வாங்கி வச்சுக்குவாங்க. டிஜிலாக்கர நம்பி வெறுங்கையோட வந்த பசங்க அங்கயே முழிச்சுனு நின்னாங்க. நான் ஜெராக்ஸ் எல்லாம் எடுத்துனு தான் போனேன், இருந்தும் சர்டிபிகேட் பாக்கற டேபிள்ல இருந்தவரு புடிச்சுக்கினாரு. கம்யூனிட்டி சர்டிபிகேட்ல வேலூர் மாவட்டம், ஆதார்ல ராணிப்பேட்டை மாவட்டம். "எதுப்பா உண்மையான அட்ரஸு?"ன்றாரு. சார், ஊரு ஒண்ணு தான், 2019ல வேலூரை மூணா பிரிச்சுட்டாங்க, இது அதுக்கு முன்னாடி வாங்கனதுன்னு சொல்றேன், காதுலயே போட்டுக்கல, தாசில்தார்கிட்ட லெட்டர் வாங்கினு வான்னு ஃபைலை தள்ளி விட்டுட்டாரு. கூகுள்ல காமிக்கலாம்னா போன் கேட்ல! செம காண்டு. நல்லவேளை அந்தப் பக்கம் வந்த சூப்பர்வைசர் ஆம்பூர்க்காரரு. "எங்க ஊரும் இப்ப திருப்பத்தூர் மாவட்டம் தான்யா, என் சர்டிபிகேட்லயும் வேலூர்னு தான் கீது, உள்ள வுடு"ன்னாரு. அவரு வரலன்னா அப்டியே பஸ் ஏறியிருக்கணும். நம்ம பக்கத்து பசங்க பிரிச்சது பத்தி வந்த பேப்பர் நியூஸ ஒரு பிரிண்ட் போட்டு ஃபைல்ல வச்சுக்குங்க.

உள்ள பத்து நிமிஷம் தான். வெர்னியரையும் (நீளம், தடிமன் அளக்கற கருவி) ஒரு இரும்பு பின்னையும் கையில குடுத்து அளக்க சொன்னாங்க. வாங்கன உடனே ஜாவை (பொருளை புடிக்கற வாய்) தொடச்சு, மூடி, ஜீரோ எரர் இருக்கான்னு, அதாவது மூடுனா சரியா ஜீரோ காமிக்குதான்னு பாத்தேன். "காலைல இருந்து யாருமே இத்த பாக்கலப்பா"ன்னாரு இன்டர்வியூ எடுத்தவரு, அப்பவே பாதி தெம்பு வந்துடுச்சு. லீஸ்ட் கவுன்ட் (கருவியால அளக்க முடியற ரொம்ப சின்ன அளவு) கேப்பாங்க: சாதா வெர்னியர் 0.02 மி.மீ, அத விட நுணுக்கமா அளக்கற மைக்ரோமீட்டர் 0.01 மி.மீ. வெறும் நம்பரை ஒப்பிச்சா வுட மாட்டாங்க, எப்டி வந்துச்சுன்னு கேப்பாங்க.

செலக்ட் ஆயிட்டேன், மெடிக்கல் பாக்கி.

ஆற்காட்ல இருந்து போறவங்க, மெட்ராஸ் பஸ் எல்லாம் சுங்குவார்சத்திரத்துல நிக்காது, கண்டக்டரை கேட்டுட்டு ஏறுங்க. அப்புறம் கன்சல்டன்சி மூலமா போனா ஒரிஜினலை காமிங்க, குடுத்துட்டு மட்டும் வராதீங்க. என் கூட வந்தவன் குடுத்துட்டான், இன்னும் அவங்க ஆபீஸுக்கு நடந்துனு இருக்கான்.