பத்துக்குள் கொண்டுவந்த பாடு

எம்.காம். கடைசி செமஸ்டர் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஈரோட்டுப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கைடாக இருக்கிறேன். தலைப்பு ஒதுக்கியது, சினாப்சிஸ் கையெழுத்து எல்லாம் தடங்கல் இல்லாமல் முடிந்தன. உயிரை எடுத்தது காப்பி சோதனை, அதாவது ரிப்போர்ட் மற்றவர்கள் எழுத்தோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் போட்டுப் பார்ப்பது. அடுத்த வருஷம் இந்த வேலை யார் தலையில் விழப்போகிறதோ, அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஒரு வருஷம் திருத்திக்கூடக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பிள்ளைகள் இதில் பிடித்துக்கொண்டது பத்து என்ற எண்ணை மட்டும்தான். சொந்தமாக எழுத வேண்டும் என்பது போய், எப்படியாவது பத்துக்குள் வந்தால் போதும் என்றாகிவிட்டது.

முதல் சிக்கல் சோதனை போட்டுக் கொடுத்த இடத்தில். என்னிடம் படிக்கும் பெண் ஒருத்திக்கு 34 என்று வந்தது. அவள் எழுதுவதை அத்தியாயம் அத்தியாயமாகப் பார்த்தவள் நான், நம்பவே முடியவில்லை. ரிப்போர்ட்டைத் திறந்தால் கல்லூரிப் பெயர், உறுதிமொழிப் பக்கம், நன்றியுரை, பின்னால் இருக்கும் நூற்பட்டியல் எல்லாவற்றுக்கும் கலர் அடித்து வைத்திருக்கிறது. பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, நூற்பட்டியல், மேற்கோள் காட்டி எடுத்த பகுதி, பொதுவான சூத்திரங்கள் இவற்றையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே விதியில் இருக்கிறது. தொடர்ந்து 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போனால் அதுவும் கழிவு. இதைச் சொன்னதற்கு அங்கே இருந்தவர், "மிஷின்ல என்ன வருதோ அதத்தானுங்க மேடம் நாங்க குடுக்க முடியும்" என்றார். விதியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்த பிறகுதான் இவற்றைக் கழிக்கும் ஃபில்டர் போட மனசு வந்தது. 12க்கு இறங்கியது. பத்துக்கு மேல் நின்ற இரண்டும் கம்பெனி புரொஃபைல் பகுதி. அதை அவளே மாற்றி எழுதிவிட்டாள்.

சரி, முடிந்தது என்று பார்த்தால் திருத்திய பிரதிக்கு 91 வந்தது! முதல் தடவை ஏற்றும்போதே அதை மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கும் களஞ்சியத்தில் சேமித்து வைத்துவிட்டார்கள். அவள் ரிப்போர்ட் அவள் ரிப்போர்ட்டையே காப்பி அடித்ததாகக் கணக்காகிவிட்டது. சேமித்ததை நாம் நினைத்தவுடன் அழிக்கவும் முடியாது. கணக்கு நிர்வாகி வழியாகத்தான் கேட்க வேண்டும், அவரோ லீவில். கடைசி தேதி நெருங்க நெருங்க அந்தப் பெண், "நான் காப்பி அடிக்கலீங்க மேம், உங்களுக்கே தெரியுமல்லோ" என்று அழுகிறாள். கடைசியில் அந்த ஒரு மூலத்தை மட்டும் விலக்கி ரிப்போர்ட் எடுத்து, ஏன் விலக்கினோம் என்று ஒரு கடிதமும் வைத்து அனுப்பினோம். ஆகவே, வரைவுப் பிரதியை ஏற்றும்போது பக்கத்திலேயே நின்று 'சேமிக்க வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். போனில் சொல்லி நம்பியிருக்காதீர்கள்.

உண்மையாக எழுதியவளுக்கு இந்தப் பாடு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கொடுத்தவர்களுக்கு முதல் தடவையே 7, 8 என்று வந்தது. அங்கே ரெடிமேடாகவும் கிடைக்கும், பழையதைக் கொண்டுபோனால் 'பத்துக்குள் கொண்டாந்தும்' தருவார்கள். எப்படி என்று ஒரு பையனின் ரிப்போர்ட்டைப் படித்ததும் புரிந்தது. மென்பொருளில் போட்டுச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார்கள். குலுக்கல் போல ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் 'சிம்பிள் ரேண்டம் சாம்பிளிங்' என்பது 'ஈஸி ஹேப்ஹஸார்ட் டேஸ்டிங்' ஆகியிருந்தது. இதற்கு என்ன அர்த்தம் சாமி என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். நம்பரை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இவன்தான் நல்ல பிள்ளை.

இன்னொரு ரகம், ஆங்கில எழுத்துக்குப் பதிலாக அதேபோல இருக்கும் ரஷ்ய எழுத்தைச் செருகுவது. கண்ணுக்குத் தெரியாது, ஒற்றுமையும் காட்டாது. சந்தேகம் வந்தால் ஒரு பத்தியைக் காப்பி எடுத்து எழுத்துப் பிழை சோதனையில் போடுங்கள். நல்ல சொல்லுக்கெல்லாம் சிவப்புக் கோடு விழும்.

எந்த மென்பொருளும் தொடாத இடம், ஆய்வுக்காக ஆட்களிடம் கேட்டு நிரப்பும் கேள்வித்தாள். என்னைக் கேட்டால் பெரிய திருட்டே அங்கேதான் நடக்கிறது. மஞ்சள் விவசாயிகளைப் பற்றிய புராஜெக்ட் ஒன்று. நூற்றுச் சொச்சம் பேரைப் பார்த்ததாகக் கட்டு கட்டி வைத்திருந்தான். எல்லாம் ஒரே நீலப் பேனா, டிக் எல்லாம் ஒரே சாய்வு, ஒரு தாளிலும் ஒரு மடிப்பு இல்லை. அதைக்கூட விட்டுவிடலாம். 'விற்ற விலை' என்ற இடத்தில் எல்லோருக்கும் ஒரே ஒரு விலை, அதுவும் கிலோ கணக்கில். நம்ம ஊர் மார்க்கெட்டில் விரலி மஞ்சளுக்கு ஒரு விலை, கிழங்கு மஞ்சளுக்கு ஒரு விலை, அதுவும் குவிண்டாலுக்குத்தான் பேசுவார்கள் என்பது ஒரே ஒரு விவசாயியிடம் பேசியிருந்தாலும் தெரிந்திருக்கும். "விரலி என்ன விலைக்குப் போச்சு கண்ணு?" என்று மட்டும் கேட்டேன். ஹாஸ்டலில் உட்கார்ந்து நண்பர்களோடு நிரப்பியதாக அவனே சொல்லிவிட்டான். பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஏலம் நடக்கும் நாளில் அனுப்பினேன். நாற்பது பேரைத்தான் பார்க்க முடிந்தது. அந்த நாற்பதையே வைத்து எழுதச் சொல்லி, மாதிரி அளவு ஏன் குறைந்தது என்றும் ஒரு பத்தி சேர்த்தோம். இரண்டாவது தடவை கொண்டுவந்த தாள்களில் மஞ்சள் தூசி ஒட்டியிருந்தது. ஹெச்.ஓ.டி. சின்ன சாம்பிளுக்கு முகம் சுளித்தார், வைவாவில் (வாய்மொழித் தேர்வு) வந்த வெளித்தேர்வாளர் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருஷம் புதுசாக, ஏஐ எழுதியது எத்தனை சதவீதம் என்ற கணக்கும் கேட்டார்கள். நன்றாக ஆங்கிலம் எழுதும் ஒரு பெண்ணுக்கு அதில் அதிகமாக வந்ததும், நேராகப் 'புதுசா எழுதிட்டு வா' என்று உத்தரவு. சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே, ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கத் தான் விட்ட கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. இந்தக் கதையெல்லாம் கமிட்டியில் எடுபடவில்லை. எடுபட்டது கூகுள் டாக்ஸில் இருந்த எடிட் வரலாறு. ராத்திரி பதினொரு மணிக்கு எழுதி, அழித்து, திரும்ப எழுதி, நடுவே என் கமென்டுக்குப் பதில் போட்டு என்று மூன்று மாத வரலாறு வரிசையாக ஓடியது. ஐந்து நிமிஷத்தில் கமிட்டி கையெழுத்துப் போட்டுவிட்டது. பென்டிரைவில் வேர்டு ஃபைலாக மட்டும் வைத்திருந்தால் அவள் கதி என்னவாகியிருக்குமோ.

அப்புறம் ஒன்று. லிட்டரேச்சர் ரிவ்யூவைத்தான், அதாவது முன்பு வந்த ஆய்வுகளைச் சொல்லும் பகுதியை, ஷோத்கங்கா என்ற ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்திலிருந்து அப்படியே அள்ளிக்கொண்டு வருவார்கள். திட்டிப் பயனில்லை, மாற்றி எழுதுவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததே கிடையாது. கட்டுரையைப் படித்துவிட்டு, மூடி வைத்து, எதிரில் இருக்கிறவரிடம் தமிழில் சொல்லச் சொன்னேன். சொன்னதை அப்படியே அவர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். இலக்கணம் கொஞ்சம் தள்ளாடும், திருத்திக் கொடுத்துவிடலாம். என் பேட்சில் ரிவ்யூ பகுதியில் மட்டும் யாருக்கும் கலர் விழவில்லை.

வரும் பேட்சுக்குக் கேள்வித்தாள் கட்டை நவம்பரிலேயே பார்த்துவிடுவதாக இருக்கிறேன். வரைவைச் சேமிக்காமல் ஏற்ற வேண்டும், ஃபில்டர் போட்ட ரிப்போர்ட்தான் தர வேண்டும் என்று எழுத்தில் ஒரு சுற்றறிக்கை கேட்டு முதல்வருக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். "பார்க்கலாங்க" என்றிருக்கிறார்.