ரெஸ்ட்ரக்சரில் ஒரு பழைய ஜாப் டிஸ்க்ரிப்ஷன் செய்த வேலை

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில், உள்ளூர்ச் சேவைகளைத் திட்டமிட்டு நிதி ஒதுக்கிய சிசிஜி அமைப்புகளை 2022 ஜூலையில் மூடி, அந்த வேலைக்கு 42 ஐசிபி வாரியங்கள் ஆக்கினார்கள். 2025 மார்ச்சில் அவற்றின் நிர்வாகச் செலவையும் பாதியாக்கச் சொல்லிவிட்டார்கள். என்.எச்.எஸ். மேனேஜர்களுக்கு, வேலை பறிபோகலாம் என்று சொல்லும் அட் ரிஸ்க் கடிதம் இனிப் புதிதில்லை. கன்சல்டேஷன், யூனியன் கூட்டம் எல்லாம் வழக்கம்போல முடிந்தன. என்னைக் கவிழ்த்தது ஜேடி, அதாவது என் ஜாப் டிஸ்க்ரிப்ஷன்.

நம்மைப் புதிய பதவியில் நேரடியாக உட்கார வைப்பதா (ஸ்லாட்டிங்), இன்டர்வியூவுக்கு அனுப்புவதா என்பதைப் பழைய ஜேடியையும் புதியதையும் பக்கத்தில் வைத்துத்தான் முடிவு செய்தார்கள். என்ன வேலை பார்க்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. பட்ஜெட் என் கையெழுத்தில் போய்க்கொண்டிருந்தது. ஜேடியிலோ "பட்ஜெட் கண்காணிப்பில் உதவுவார்" என்று ஒரே வரி. 8ஏ பேண்டில் (சம்பள நிலை) வந்த புதிய பதவிக்கு "பட்ஜெட் பொறுப்பாளர்" வேண்டும். "பேப்பரில் இல்லையே" என்றார் ஹெச்ஆர். ஸ்லாட்டிங் போச்சு.

ஒரு வேலைக்கு மதிப்பெண் போட்டு அதன் பேண்டை முடிவு செய்யும் ஜாப் இவாலுவேஷனில் 16 காரணிகள். நிதிப் பொறுப்பு, ஆட்களை நிர்வகிப்பது, சொந்தமாக முடிவெடுக்கும் சுதந்திரம் மூன்றும் மேனேஜர் பேண்டில் அதிகம் பேசும். "உதவுவார்", "பங்கேற்பார்" போன்ற வினைகள் அங்கே நம்மைக் கீழே இழுக்கும். கன்சல்டேஷன் தொடங்கிய பிறகு ஜேடியைத் திருத்தினால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஆண்டு அப்ரைசலிலேயே திருத்தி, லைன் மேனேஜர் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிடுங்கள்.

எனக்கு அப்பீலில் கைகொடுத்தது நிதி அதிகாரப் பட்டியல். யார் எத்தனை பவுண்டு வரை ஒப்புதல் தரலாம் என்று ஃபைனான்ஸ் வைத்திருக்கும் அதில் என் பெயர் இருந்தது. ஸ்லாட்டிங் திரும்பவில்லை. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமான இன்டர்வியூவில் சேர்த்தார்கள், இடமும் கிடைத்தது.

ஆக்டிங் அப்பில், அதாவது மேல் பதவியைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் கவனம்: கணக்கில் வருவது பெரும்பாலும் நிரந்தரப் பதவிதான், தற்காலிக பேண்ட் இல்லை.

என்.எச்.எஸ். ஊழியர் பதிவு சிஸ்டமான ஈஎஸ்ஆரில் சர்வீஸ் தேதியையும் இன்றே பாருங்கள். ஒரு டிரஸ்டிலிருந்து (மருத்துவமனைகளை நடத்தும் என்.எச்.எஸ். அமைப்பு) இன்னொன்றுக்கு மாறும்போது பழைய சர்வீஸ் ஏறாமல் போவது சகஜம். பதவி ஒழிந்து வேலை போனால் தரும் ரிடன்டன்சி பணம், சர்வீஸில் முழு ஆண்டு ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 24 ஆண்டு. ஆண்டுச் சம்பளம் 80,000 பவுண்டைத் தாண்டினாலும் கணக்கு 80,000-இல்தான். இரண்டு ஆண்டு சர்வீஸ் இல்லையென்றால் ஒன்றுமில்லை. பொருத்தமான மாற்றுப் பதவியைத் தகுந்த காரணமின்றி மறுத்தாலும் அந்தப் பணம் போய்விடும். மாற்றுப் பதவியை ஏற்றால் நான்கு வார டிரையல் உண்டு, அது தொடங்கும் தேதியை மெயிலில் எழுதி வாங்குங்கள்.