டைம் கீப்பர் பார்த்த உலகக் கோப்பை

கத்தாரில் 2013 முதல் 2023 வரை ஒரு துணை ஒப்பந்த நிறுவனத்தில் டைம் கீப்பராக வேலை பார்த்தேன். வளைகுடாவுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த வேலையை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலை நான்கு மணிக்குக் கேம்ப் வாசலில் பேருந்து வந்து நிற்கும்போது ஏறுகிற ஒவ்வொருவரின் பேட்ஜ் எண்ணையும் குறிக்க வேண்டும். சைட்டில் இறங்கியதும் மறுபடி எண்ண வேண்டும். வேலைக்கு வந்தவருக்கு ‘பி’, வராதவருக்கு ‘ஏ’, மருத்துவ விடுப்பில் இருப்பவருக்கு ‘எஸ்’, ஊருக்குப் போனவருக்கு ‘வி’. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் ஓ.டி., அதாவது கூடுதல் வேலை, மணி நேரம். மாலையில் ஃபோர்மேனிடம் கையெழுத்து வாங்கி அலுவலகத்தில் கொடுத்தால், மாதக் கடைசியில் அந்தத் தாளின்படிதான் சம்பளம் வரும். ஆகவே என் தாளில் ஒரு மணி நேரம் குறைந்தாலும் மறுநாள் காலை இருட்டிலேயே யாராவது வந்து என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

என் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பகுதிக் கிராமங்களில் பிள்ளைகள் நடக்கப் பழகியதும் கடற்கரை மணலில் பந்து உதைக்கத் தொடங்கிவிடுவார்கள். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி ஆடியவர்கள் எங்கள் கரையில் உண்டு. உலகக் கோப்பை வந்தால் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் தனித்தனியே கொடி ஏறும். நான் அர்ஜென்டினா வீட்டுப் பிள்ளை. கத்தாருக்கு விசா கிடைத்தபோது, உலகக் கோப்பை நடக்கப்போகும் நாட்டுக்கே போகிறேன் என்பதில் எனக்கு இருந்த பெருமையை மறைக்கத் தேவையில்லை.

எங்கள் நிறுவனம் விளையாட்டரங்கம் கட்டவில்லை. பிறகு இறுதியாட்டம் நடந்த லூசைல் பக்கம் சாலையும் மழைநீர் வடிகாலும் போட்டோம். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் குழுவில் இராமநாதபுரம் பக்கத்துக் கம்பி கட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். வயது முப்பத்தெட்டு. பந்தாட்டத்தில் அவருக்கு ஈடுபாடு கிடையாது. காலையில் பேருந்துப் படியில் கால் வைக்கும்போதே, “தம்பி, நேத்து ஓ.டி. ரெண்டு மணி நேரம் போட்டியளா?” என்று கேட்பார். போட்டேன் என்று தாளைத் திருப்பிக் காட்டினால்தான் ஏறுவார். ஒரு நாள் முடிவில்லாமல் நீண்டு கிடந்த வடிகால் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு மாசம் பந்து வெளையாடுறதுக்கா இம்புட்டு ரோடு போடுறாக?” என்று என்னிடம் கேட்டார். ஆட்டத்தின் அருமையை அவருக்குச் சொல்ல முயன்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

2016 ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் வேலை முடித்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழவில்லை. அப்போது கோடையில் பகல் பதினொன்றரை முதல் மூன்று மணி வரை திறந்த வெளியில் வேலை கூடாது என்ற தடை இருந்தது. எங்கள் சைட்டில் அதைக் கடைப்பிடிக்கவும் செய்தார்கள். ஆனால் காலை ஒன்பது மணிக்கே கம்பியைக் கையுறை இல்லாமல் தொட முடியாத வெயில் அது. இரவிலும் கடல் ஈரம் கலந்த புழுக்கம் இறங்காது. மரணச் சான்றிதழில் இதயம் நின்றது, இயற்கை மரணம் என்று எழுதினார்கள். வேலையால் நேர்ந்த மரணம் என்றால் அந்நாட்டுச் சட்டப்படி குடும்பத்துக்கு 2,00,000 ரியால் இழப்பீடு உண்டு. இயற்கை மரணம் என்றால் கிடையாது. நேபாளத் தொழிலாளர்கள் கத்தாரில் இறந்ததைப் பற்றி 2019இல் ஓர் இதயவியல் இதழில் வெளிவந்த ஆய்வு, அத்தகைய மாரடைப்புகளுக்கும் கோடை வெப்பத்துக்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டியது. எங்கள் அண்ணனுக்கு உடற்கூறாய்வே நடக்கவில்லை.

அன்று காலை அவர் பெயருக்கு நேரே என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ‘பி’ இல்லை, ‘எஸ்’ இல்லை, ‘வி’ இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டுத் தாளைக் கொடுத்தேன். கணினி காலிக் கட்டத்தை ஏற்காது என்று அலுவலகத்தில் யாரோ ‘ஏ’ போட்டுவிட்டார்கள். சடலம் ஊருக்குப் போகப் பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் அவர் அனுமதியின்றி வேலைக்கு வராதவராகவே இருந்தார். அதற்கான பிடித்தம் அவருடைய கடைசிக் கணக்கில் விழுந்தது. நான் மூன்று முறை அலுவலகத்துக்கு நடந்த பிறகு அதைத் திருத்தினார்கள். அந்த நிறுவனத்தில் இதைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்களில் இருவர் சடலம் அனுப்பும் செலவுக்குத் தங்கள் கைப்பணத்தைத் தந்தவர்கள். ஆனாலும் இறந்தவனுக்கு அந்தத் தாளில் ஓர் எழுத்து இல்லை என்பதை நான் மறக்கவில்லை. கால்பந்தைப் பற்றியும் உலக அரசியலைப் பற்றியும் எனக்கு இருக்கிற கருத்துகள் எல்லாம் அந்தத் தாளிலிருந்து கிளம்பியவை.

2010 டிசம்பர் 2 அன்று சூரிச்சில் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் செயற்குழுவைச் சேர்ந்த 22 பேர் வாக்களித்து, கடைசிச் சுற்றில் அமெரிக்காவை 14க்கு 8 என்று தோற்கடித்துக் கத்தாருக்குப் போட்டியைக் கொடுத்தார்கள். அந்த நாட்டின் கோடை எப்படிப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பிறகு, வீரர்களால் அந்த வெயிலைத் தாங்க முடியாது என்று போட்டியையே நவம்பருக்குத் தள்ளி வைத்தார்கள். சரியான முடிவுதான். அரங்கையும் சாலையையும் மெட்ரோவையும் கட்டியவர்கள் மட்டும் பன்னிரண்டு கோடைகளை அங்கேயே கழித்தார்கள்.

பிரிட்டனின் கார்டியன் நாளிதழ், போட்டி கத்தாருக்குக் கிடைத்த பத்தாண்டுக் காலத்தில் இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளின் தொழிலாளர்கள் 6,500க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்ததாக 2021 பிப்ரவரியில் எழுதியது; அவர்களில் 2,711 பேர் இந்தியர்கள். எல்லாத் தொழில்களிலும் எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணங்கள் அதில் அடக்கம் என்பதால், 6,500 பேரும் அரங்கம் கட்டும்போது செத்தார்கள் என்று சொல்வது தவறு. போட்டி அமைப்பாளர்களின் கணக்கோ அரங்க வேலைகளில் விபத்தால் 3 பேர், பிற காரணங்களால் 37 பேர் என்று நின்றது. அமைப்புக் குழுவின் தலைமைச் செயலாளர் ஹசன் அல் தவாதி 2022 நவம்பரில் ஒரு பேட்டியில் 400 முதல் 500 வரை இருக்கும் என்றார். எங்கள் அண்ணன் கட்டியது வடிகால். அரங்கக் கணக்கில் அவர் வரமாட்டார். வடிகாலும் சாலையும் இல்லாமல் எந்த ரசிகன் அரங்குக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்?

சரியான எண்ணிக்கை யாருக்கும் தெரியாது என்று படித்தவர்களே சொல்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பத்து ஆண்டுகள் ஆட்களை எண்ணியவன் சொல்கிறேன், தெரியும். ஒவ்வொரு சைட்டிலும் என்னைப் போல் ஒரு டைம் கீப்பர் இருந்தான். யார், எந்த நாள், எத்தனை மணி நேரம், எந்த இடத்தில் நின்றான் என்பது தாளில் இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து ஒரு பேட்ஜ் எண் நின்றுபோனது என்பதும் இருக்கிறது. அவற்றை ஒன்று சேர்க்க யாரும் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

தொடக்க ஆட்டத்துக்கு முந்தைய நாள், 2022 நவம்பர் 19 அன்று, ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ, இன்று தான் ஒரு புலம்பெயர் தொழிலாளியாகவும் உணர்வதாகப் பேசினார். மறுநாள் தொழிலாளர்களுக்காக ஏசியன் டவுன் கிரிக்கெட் மைதானத்தில் வைத்திருந்த பெரிய திரையின் முன் ஆயிரக்கணக்கானவர்களோடு நானும் உட்கார்ந்து கத்தார் ஈக்வடாரிடம் 0–2 என்று தோற்றதைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த நேபாளத் தம்பி கைபேசியில் அந்தப் பேச்சை ஓடவிட்டு, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டான். இந்தியில் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதே பேச்சில் இன்ஃபான்டினோ, ஐரோப்பியர்கள் மூவாயிரம் ஆண்டுகளாக உலகில் செய்தவற்றுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். அதில் உண்மை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த உண்மையை, இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குத் தர வேண்டிய பதிலை மறைக்கும் திரையாக அவர் பிடித்ததை ஏற்க முடியாது.

ஐரோப்பிய அணிகள் மீதும் எனக்கு மரியாதை கூடவில்லை. பாகுபாட்டுக்கு எதிரான ‘ஒன் லவ்’ கைப்பட்டையை அணித்தலைவர்கள் அணிந்தால் மஞ்சள் அட்டை கிடைக்கும் என்றதும் ஏழு அணிகள் அதைக் கழற்றி வைத்தன. நவம்பர் 23 அன்று அதைக் கண்டித்து ஜெர்மானிய வீரர்கள் தங்கள் வாயைப் பொத்திக் குழுப்படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஆறு நாள் கழித்து, ஜெர்மனிக்கு 2026 முதல் குறைந்தது 15 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 20 லட்சம் டன் வரை இயற்கை எரிவாயு போகும்படி கத்தாரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரான்சின் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணியைக் கத்தார் வாங்கியது 2011இல். எங்கள் வெயிலைப் பற்றி எழுதிய நாடுகள் எங்கள் முதலாளிகளின் பணத்தையும் எரிவாயுவையும் மறுக்கவில்லை. அந்த வாரத்தில் உண்மையான துணிவைக் காட்டியவர்கள், அரசுக்கு எதிரான போராட்டம் நடந்துகொண்டிருந்த ஈரானின் வீரர்கள். இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தேசிய கீதம் ஒலித்தபோது அவர்கள் வாய் திறக்கவில்லை. திரும்பிப் போக வேண்டிய நாட்டில் தங்களுக்கு என்ன காத்திருக்கிறது என்பது தெரிந்தே அப்படி நின்றார்கள்.

விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று ஃபிஃபா 32 அணிகளுக்கும் கடிதம் எழுதியது. அதே ஆண்டு பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. 28 அன்று ரஷ்ய அணிகளை விலக்கினார்கள். அது சரியே. இனவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவை 1976இல் வெளியேற்றியதும் சரியே. நான்கு நாளில் முடிவெடுக்கத் தெரிந்த அமைப்பு, இஸ்ரேலை இடைநீக்கம் செய்யுமாறு பாலஸ்தீனக் கால்பந்துச் சங்கம் 2024 மே மாதம் பாங்காக் மாநாட்டில் கேட்டபோது சட்ட ஆலோசனை பெற வேண்டும் என்றது. 2003இல் ஈராக்கின் மீது படையெடுத்த அமெரிக்காவை எந்தப் போட்டியிலிருந்தும் யாரும் நிறுத்தவில்லை. 2025 டிசம்பரில், 2026 போட்டிக்கான குழுக்களைப் பிரிக்கும் விழாவில், ஃபிஃபா தன் முதல் அமைதிப் பரிசை அமெரிக்க அதிபர் டிரம்புக்குக் கொடுத்தது. இதற்குப் பிறகு எந்த வீரனிடமும் எந்த ரசிகனிடமும் அரசியல் பேசாதே என்று சொல்லும் தகுதி அந்த அமைப்புக்கு இல்லை. கத்தார் போட்டியில் மொராக்கோ வீரர்கள் ஸ்பெயினை வென்ற இரவில் பாலஸ்தீனக் கொடியை விரித்தபோது எங்கள் கேம்ப் மெஸ்ஸில் பாகிஸ்தானியரும் சூடானியரும் மலையாளிகளும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

என் அணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அர்ஜென்டினா முதல் கோப்பையை வென்றது 1978இல், இராணுவ ஆட்சியின் கீழ். இறுதியாட்டம் நடந்த மானுமென்டல் அரங்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த கடற்படைப் பயிற்சிப் பள்ளியில் ஆட்களைக் கடத்திவந்து வதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோப்பையை என் வீட்டுச் சுவரில் நட்சத்திரமாக வரைந்தவன் நான். அந்த அணியின் முன்கள வீரர் கெம்பஸ் ஆடிய ஆட்டத்தை இன்றும் ரசிக்கிறேன். அந்தக் கோப்பையை இராணுவ ஆட்சியின் தலைவர் விடேலா தன் கையால் தந்தார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறேன்.

கத்தாரில் வசிப்பவர்களுக்கு 40 ரியாலுக்கு நுழைவுச்சீட்டு தந்தார்கள். அதை வாங்கிக்கொண்டு 974 அரங்கில் மெக்சிகோவும் போலந்தும் கோலின்றி ஆடிய ஆட்டத்தைப் பார்த்தேன். போலந்தின் லெவாண்டோவ்ஸ்கி அடித்த பெனால்டியை மெக்சிகோ கோல்காப்பாளர் ஒச்சோவா தடுத்த கணத்தில் அரங்கம் அதிர்ந்தது. 974 கப்பல் கொள்கலன்களால் கட்டியது என்பதாலும், கத்தாரின் தொலைபேசிக் குறியீடு அதுவே என்பதாலும் அந்தப் பெயர். பத்து ஆண்டுகள் என் மனைவியின் கைபேசியில் நான் அழைத்தபோதெல்லாம் முதலில் தெரிந்தது அந்த எண். 2016இல் அந்த அண்ணனின் வீட்டுக்கு விடியற்காலையில் அழைத்ததும் என் கைபேசியிலிருந்துதான். எண்ணைப் பார்த்துவிட்டு அவர் மனைவி கணவர்தான் பேசுகிறார் என்று நினைத்து எடுத்தார்.

டிசம்பர் 18, லூசைல். அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய இறுதியாட்டம். 88,966 பேர் அரங்கில். நாங்கள் இருநூறு பேர் மெஸ்ஸில். 123ஆம் நிமிடத்தில் பிரான்சின் கோலோ முவானி அடித்த பந்தை எங்கள் கோல்காப்பாளர் மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தபோது நான் மேசை மேல் ஏறியிருந்தேன். எங்கள் மொந்தியேல் கடைசிப் பெனால்டியை உள்ளே போட்டதும் அழுதேன். கேமரா மேலிருந்து அரங்கைச் சுற்றிவந்தபோது எங்கள் வடிகால் போகும் சாலை தெரிந்தது.

அந்த நான்காண்டுச் சுழற்சியில் ஃபிஃபாவின் வருவாய் 750 கோடி டாலர். போட்டியின் பரிசுத்தொகை 44 கோடி டாலர். அதே அளவு பணத்தைத் தொழிலாளர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் ஒதுக்குங்கள் என்று அம்னெஸ்டி உள்ளிட்ட மனித உரிமை அமைப்புகள் 2022 மே மாதம் கேட்டன. 2024 நவம்பரில் ஃபிஃபா 5 கோடி டாலரில் ஒரு மரபு நிதியை அறிவித்து, அதை உலக சுகாதார நிறுவனம், உலக வர்த்தக அமைப்பு, ஐ.நா. அகதிகள் ஆணையம் ஆகியவற்றின் திட்டங்களுக்குக் கொடுத்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கென்று அதில் ஒன்றும் இல்லை. கத்தார் செய்த திருத்தங்களை நான் மறுக்கவில்லை. 2020க்குப் பிறகு முதலாளியின் தடையில்லாச் சான்று இன்றியே வேறு வேலைக்கு மாற முடிந்தது, 2021 மார்ச்சில் அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது என்று வந்தது. எங்கள் கேம்பில் பலர் அதனால் பயன் பெற்றார்கள். ஆனால் இறந்துபோனவர்களுக்கான கணக்கு அப்படியே திறந்து கிடக்கிறது. பெயர் பெயராகப் பட்டியல் எடுத்து, பெயர் பெயராகப் பணம் தர வேண்டும். அது முடியாத காரியம் அல்ல. மாதா மாதம் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நாங்கள் அதைத்தான் செய்தோம்.

2034 உலகக் கோப்பையைச் சவூதி அரேபியாவுக்கு 2024 டிசம்பரில் உறுதி செய்தபோது எதிர்த்து நிற்க வேறு நாடே இல்லை. அண்மையில் எங்கள் தெருத் தம்பி ஒருவன், எங்கள் கரை அணியில் இடது ஓரம் ஆடுகிறவன், ரியாத்தில் கட்டுமான வேலைக்கான நியமனக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினான். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை; அவன் வீட்டுக் கடன் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் எது, சாப்பாட்டுப் படி எது என்று கோடிட்டுக் காட்டினேன். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, தேதி, இடம், ஏறிய நேரம், இறங்கிய நேரம், ஓ.டி., வெயில் என்று ஆறு பத்தி கோடு போட்டு, தினமும் இரவு உன் கையால் எழுது, ஞாயிற்றுக்கிழமை அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பு என்றேன். “வெயில் எதுக்குண்ணே?” என்று கேட்டான். முதல் வரியை நானே எழுதிக் காட்டினேன்.