பலகையில் 'பாங்க்' என்று இருந்தால் போதுமா?

களியக்காவிளை தாண்டி கேரளப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் மாமா போட்ட பணம் இன்னும் வரவில்லை. ரப்பர் தோட்டம் விற்ற காசு. கேட்கப்போனால் அடுத்த மாதம் வரச் சொல்கிறார்கள்.

"ரிசர்வ் பாங்க் பாத்துக்கிடும்லா மக்கா?" என்றார்.

என்னத்தைச் சொல்ல! இப்படிப்பட்ட சங்கங்கள் வங்கிகளே அல்ல, பெயரில் 'பாங்க்' என்று போடக்கூடாது, இவற்றில் போடும் பணத்துக்கு வைப்புத்தொகைக் காப்பீடும் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது. நிஜ வங்கி என்றால், அது மூழ்கினாலும் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கேரள அரசு அந்த அறிவிப்பை எதிர்த்தது. பலகை மட்டும் அப்படியே தொங்குகிறது.

இவற்றுக்கு மேற்பார்வை மாநிலக் கூட்டுறவுத் துறைதான். தணிக்கையும் அவர்களே. திருச்சூர் கருவன்னூர் கூட்டுறவுச் சங்க மோசடி 2021இல் வெளியே வந்தபோது நிர்வாகிகள் கைதானார்கள், சரி. வருஷா வருஷம் கணக்குப் பார்த்து கையெழுத்துப் போட்டவர்கள்?

பொறுப்பில் இருந்தவர்களைத் தண்டிப்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு ஐஸ்லாந்து தன் வங்கித் தலைவர்களைச் சிறைக்கு அனுப்பியது. அமெரிக்காவில் பெரிய வங்கித் தலைவர் ஒருவர்கூட உள்ளே போகவில்லை.

மாமா திங்கட்கிழமை மறுபடியும் போகிறார். பஸ்சுக்கு நானும் கூட.