இசையிலும் சிக்னலிலும் மாடுலேஷன்: இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு

தகவல் தொடர்பியலும் இசைக் கோட்பாடும் ஒரே சமயத்தில் படித்துத் தேர்வு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டிலும் வரும் மாடுலேஷனுக்குப் பொதுவாக ஒரு குறிப்பு எழுதி ஒப்பேற்றலாம் என்றால் வேலைக்கு ஆகாது. எனக்குக் கைகொடுத்தது ஒரு கேள்விதான்: எது மாறுகிறது, அந்த மாற்றம் கேட்பவர் காது வரை போகிறதா, இல்லை வழியிலேயே கழற்றப்படுகிறதா?

சிக்னலில் கழற்றப்படுகிறது. அங்கே மாடுலேஷன், அதாவது பண்பேற்றம் என்பது தகவல் சிக்னலை அதைச் சுமந்து செல்லும் உயர் அதிர்வெண் அலையில் (ஊர்தி அலை) ஏற்றுவது. 3 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை அப்படியே வானொலி அலையாக அனுப்ப நினைத்தால் அலைநீளம் 100 கி.மீ., அதில் கால் பங்கு ஆன்டெனா என்றாலும் 25 கி.மீ. உயரம் வரும். 1 மெகாஹெர்ட்ஸ் ஊர்தி அலையில் ஏற்றிவிட்டால் 75 மீட்டர் போதும். 'பண்பேற்றம் ஏன் தேவை' என்று கேட்டால் வரையறையோடு இந்தக் கணக்கையும் போடுங்கள், விடைக்குக் கனம் கூடும். வீச்சுப் பண்பேற்றத்தில் (ஏஎம்) திறன் கணக்கு முக்கியம்: ஒற்றை சைன் அலையை முழு அளவில், அதாவது மாடுலேஷன் இன்டெக்ஸ் 1 ஆக ஏற்றினாலும், மொத்தத் திறனில் மூன்றில் இரண்டு பங்கு தகவலே இல்லாத ஊர்தி அலைக்குப் போய்விடும். அதிர்வெண் பண்பேற்றத்துக்கு (எஃப்எம்) எவ்வளவு அலைவரிசை அகலம் வேண்டும் என்று சொல்வது கார்சன் விதி. ஊர்தி அலையின் அதிர்வெண் விலகல் 75, ஒலியின் உச்ச அதிர்வெண் 15 கிலோஹெர்ட்ஸ் என்றால் இரண்டையும் கூட்டி இரட்டிப்பாக்க 180 கிலோஹெர்ட்ஸ். எஃப்எம் நிலையங்களுக்கு அகலமான அலைவரிசை ஏன் என்பது இதிலேயே தெரிந்துவிடும். ரிசீவர் இதையெல்லாம் பிரித்துவிட்டு மூல ஒலியை மட்டும் தருகிறது.

இசைக் கோட்பாட்டில் கதை தலைகீழ். அங்கே மாறுவது கீ (இசை மையமாகக் கொள்ளும் ஸ்வரமும் அதன் ஸ்கேலும்), அந்த மாற்றத்தைக் கேட்பதுதான் அனுபவமே. சி மேஜரிலிருந்து ஜி மேஜருக்குப் போகும்போது எஃப் மட்டும் எஃப் ஷார்ப் ஆகிறது. சி, இ மைனர், ஜி, ஏ மைனர் ஆகிய நான்கு கார்டுகளும் இரு கீகளுக்கும் பொது. ஏ மைனரைப் பிவட்டாக, அதாவது இரு கீகளுக்கும் பாலமாக வைத்து, டி செவன்த் வாசித்து, ஜியில் போய் நிற்கலாம். ஆனால் எஃப் ஷார்ப்பைப் பார்த்தவுடன் மாடுலேஷன் என்று எழுதிவிடாதீர்கள். புதிய கீயில் கேடன்ஸ் (இசை வாக்கியத்தை முடித்துவைக்கும் கார்டு வரிசை) வந்து, இசை அங்கேயே தங்குகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். (கர்நாடக இசை படிப்பவர்களுக்குக் கிரகபேதம் நினைவுக்கு வரும், மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் மத்யமாவதி. அங்கே ஆதார ஸ்வரம் மட்டும் நகர்கிறது, ஸ்வரத்தானங்கள் அப்படியே இருக்கின்றன, அதனால் இரண்டையும் ஒன்றாகச் சொல்ல நான் தயங்குவேன்.)

இரண்டும் கைகோர்க்கும் இடம் சின்தசைசர். பாடகர் கொடுக்கும் விப்ராட்டோ (சுருதியின் மெல்லிய அசைவு) மெதுவான அதிர்வெண் பண்பேற்றம்தான். அந்த அசைவின் வேகத்தைக் கேட்கும் அதிர்வெண் அளவுக்கு ஏற்றினால் அசைவாகக் கேட்காது, பக்கப்பட்டைகள் (மூல அதிர்வெண்ணின் இருபுறமும் வரும் கூடுதல் அதிர்வெண்கள்) உருவாகி ஒலியின் நிறமே மாறிவிடும். 1967இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டது இதைத்தான், 1983இல் யமஹா டிஎக்ஸ்7 அதையே கீபோர்டாக்கி விற்றது. கணிதம் வானொலியில் படித்த அதே கணிதம். ஆனால் இங்கே ஏற்றியதைப் பிரித்தெடுக்கும் டிமாடுலேட்டர் கிடையாது, பக்கப்பட்டைகளைத்தான் நாம் இசையாகக் கேட்கிறோம். இந்தப் பகுதியைக் கடைசியாகப் படியுங்கள், பக்கப்பட்டைகளின் அளவைத் தரும் பெஸ்ஸல் சார்பு அட்டவணை பழகிய பிறகு என்றால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.